‘டர்ன்’ என்ற சொல்லும் மனந்திரும்புதலும்



‘லெஃப்ட் டர்ன்’, ‘ரைட் டர்ன்’ என்று நீங்கள் தினமும் கேட்கிற ‘டர்ன்’ தெருவில் பிறந்த சொல்லல்ல, பட்டறையில் பிறந்தது. கிரேக்கர் வட்டம் வரையும் கருவியை ‘டோர்னோஸ்’ என்றார்கள். அதிலிருந்து லத்தீனில் ‘டோர்னாரே’, அதாவது மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைவது. ஆங்கிலத்தில் அது சுழலுவது என்றாகி, திசை மாறுவது என்றும் ஆயிற்று. ஊரில் ஐ.டி.ஐ.யில் ‘டர்னர்’ படித்த மாமாக்களைக் கேளுங்கள், லேத்தில் அவர்கள் செய்தது இதுதான். உங்கள் பம்பரமும் கடைசல் வேலையே. லண்டன் கடைசல்காரர் சங்கம் 1604-ல் அரச சாசனம் பெற்று இன்றும் இருக்கிறது.

ஆங்கில வேதத்தில் தீர்க்கதரிசிகள் ‘டர்ன்’ என்று ஜனங்களை அழைக்கிறார்கள். எபிரெயத்தில் அது ‘ஷூப்’, திரும்பி வருவது. யோவான் ஸ்நானனிடம் வந்தால் சொல் ‘ரிப்பென்ட்’ என்று மாறுகிறது. லத்தீன் வழியாக வந்த அந்தச் சொல்லில் வருத்தமே முன்னால் நிற்கிறது. கிரேக்க மூலமான ‘மெட்டனோயா’ மனமாற்றத்தைச் சொல்கிறது. நம் தமிழ் வேதமோ ‘மனந்திரும்புங்கள்’ என்கிறது. மனமும் உண்டு, திரும்புதலும் உண்டு. ஆங்கில வேதம் மட்டுமே வாசிக்கும் நம் பிள்ளைகள் இதை இழந்துவிடுவார்களோ என்பதே என் கவலை.

சொல்லின் வேரைத் தோண்டிப் பிரசங்கம் கட்டுவதில் எனக்கு அவ்வளவு பிரியமில்லை. லேத்தை நினைத்துக்கொண்டு யாரும் ‘டர்ன்’ சொல்வதில்லையே! ஆனால் இந்த வித்தியாசம் நம் வீடுகளில் தெரிகிறது. தம்பியை அடித்துவிட்டு ‘சாரி’, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அடி, மறுபடியும் ‘சாரி’. பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான். ஈஸ்ட் ஹாமிலிருந்து அப்மின்ஸ்டர் போகவேண்டியவர் மேற்கே போகும் ரயிலில் ஏறிவிட்டால், உட்கார்ந்து அழுது என்ன பயன்? அப்டன் பார்க்கில் இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்குப் போகவேண்டும். இளைய குமாரனும் பன்றிகளின் நடுவே அழுதுகொண்டே இருந்துவிடவில்லை, எழுந்து தகப்பன் வீட்டுக்கு நடந்தான்.

இந்தச் சொல்லைப் பற்றி இந்நாட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. விக்லிஃப் காலத்து வேதத்தில் அந்த இடத்தில் ‘பிராயச்சித்தம் செய்யுங்கள்’ என்று இருந்தது. வில்லியம் டின்டேல் 1526-ல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் ‘ரிப்பென்ட்’ என்று மாற்றினார். சர் தாமஸ் மோர் அதைக் கண்டித்து எழுதினார். லண்டன் பிஷப் டன்ஸ்டல் அந்தப் புத்தகங்களைச் செயின்ட் பால் பேராலயத்தருகே எரிக்கச் செய்தார். இன்று மூன்று பிரதிகளே மிஞ்சியிருப்பதாகத் தெரிகிறது. ஒன்று ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில், ஒன்று இங்கே பிரிட்டிஷ் லைப்ரரியில். மூன்றாவது, அதே செயின்ட் பால் பேராலயத்தில்.