பாசியில் எவ்வளவு எரிபொருள்?

வேலை முடிந்த களைப்போடு பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்த பெரியவர்களுக்கும், கிள்ளானிலிருந்து ஆசிரியரோடு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் என் அன்பு.

என் அம்மா கோல சிலாங்கூர்ப் பக்கம் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியவர். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தென்னமாரத்தில் எழுந்ததும் அந்த வட்டாரத்தில்தான். நன்றாகப் பராமரித்தால் ஒரு ஹெக்டர் செம்பனை வருஷத்துக்கு நாலு டன் எண்ணெய் தரும். அந்த நாலு டன்னுக்குப் பின்னால் எத்தனை முதுகுகள் வளைந்தன என்று நம் குடும்பங்களுக்குத் தெரியும். அதனால்தான், செம்பனையை மிஞ்ச நுண்பாசி வருகிறது என்று யாராவது சொன்னால், எனக்குக் கணக்கு வேண்டும்.

2007-இல் ஆய்வாளர் யூசுப் சிஸ்டி எழுதிய கட்டுரை, பாசியில் 30 விழுக்காடு எண்ணெய் இருந்தாலே ஒரு ஹெக்டரில் வருஷத்துக்கு 58,700 லிட்டர் கிடைக்கும் என்றது. உலகமே பாசிக்குளம் தோண்டக் கிளம்பியது. 2010-இல் வெயர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஆறு ஊர்களை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த ஆறில் ஒன்று நம் கோலாலம்பூர்! சூரிய ஒளியின் விதிப்படி உச்சவரம்பு 354,000 லிட்டர். ஆனால் நடைமுறையின் மிகச் சிறந்த நிலையிலேயே 40,700 முதல் 53,200 வரைதான் என்றார்கள். கவனியுங்கள், முதல் கட்டுரை சொன்ன 58,700-ஐக்கூட இந்த மிகச் சிறந்த நிலை எட்டவில்லை.

நாமே போட்டுப் பார்ப்போமா? நம் ஊரில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்குச் சுமார் 17 மெகாஜூல் வெயில் விழுகிறது. அதில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பாசி பிடித்துக்கொண்டால், கிடைப்பது 15 கிராம் உலர்ந்த பாசி. அதில் கால்பங்கு எண்ணெய் என்றால், ஹெக்டருக்கு வருஷம் 14 டன். செம்பனையைப்போல் மூன்றரை மடங்கு! கை தட்டலாம்தான். கொஞ்சம் பொறுங்கள்.

திறந்த குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் பாசிதான் மிதக்கும். அந்த 15 கிராமைப் பிடிக்க 30 லிட்டரை வடிக்க வேண்டும். வடித்துச் சேற்றுக்குழம்பாக்கிய பின்னும், ஒரு கிலோ பாசியோடு நாலு கிலோ தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நெருப்பில் உலர்த்தினால் 10 மெகாஜூல் செலவு. ஒரு கிலோ பாசிக்குள் இருப்பதே 22 மெகாஜூல்தான்! குளத்தைக் கலக்கும் மின்சாரமும் உரமும் இதில் சேரவில்லை. அமெரிக்க அரசு 1978-இல் தொடங்கிய பாசித் திட்டத்தை 1996-இல் மூடியது. எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2009-இல் பாசி ஆய்வில் இறங்கி, 2023-இல் விலகியது. அங்கெல்லாம் பாசி வளராமல் இல்லை. செலவைக் கழித்தபின் மிஞ்சியது போதவில்லை.

அப்படியானால் கைவிடலாமா? மாட்டேன். செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ 3 டன் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு இலவச உரம், ஆற்றுக்கோ நஞ்சு. நிறம் கறுத்திருப்பதால் ஒளி உள்ளே இறங்காது, நீர்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனாலும் ஆறு சுத்தமாவது முதல் லாபம், எரிபொருள் அடுத்ததுதான் என்று கணக்கை மாற்றி எழுதினால் விடை மாறுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பாங் சியூ மோய் பாசி இனங்களைச் சேர்த்துக் காத்ததன் அருமை எனக்கு அங்கேதான் தெரிகிறது.

கிள்ளான் பிள்ளைகளே, பள்ளிக்குப் பின்னால் ஒரு தொட்டி வையுங்கள். நாளுக்கு ஒரு லிட்டர் எடுத்து வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். மழை கொட்டிய நாள்களையும் விட்டுவிடாதீர்கள்.