திரும்பி வந்த கட்டுரை

ஆய்வுச் சஞ்சிகைக்கு அனுப்பிய கட்டுரை நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது என்று மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

கணிதமேதை இராமானுஜன் 1913 ஜனவரியில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் பிரசித்தமானது. எனக்கு அதைவிடப் பிடித்தது, அதற்கு முந்திய கதை. 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் அவருடைய முதல் கட்டுரை வெளியானது. பேர்னூலி எண்கள் என்ற எண்தொடரின் இயல்புகள் பற்றிய கட்டுரை அது. எட்டுத் தேற்றங்களைச் சொல்லிவிட்டு, மூன்றுக்குத்தான் நிறுவல் காட்டியிருந்தார். மூன்றை வெறும் ஊகங்களாகவே விட்டிருந்தார். அன்று அவரிடம் பட்டம் இல்லை. எழுத்திலும் தெளிவில்லை, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்படிப் போனார் என்று வாசிப்பவருக்குப் பிடிபடாது.

சஞ்சிகையின் ஆசிரியர் பெங்களூரைச் சேர்ந்த பேராசிரியர் நாராயண ஐயங்கார். அவர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார். திருத்தி வந்ததும் மறுபடியும் அனுப்பினார். இப்படிப் பலமுறை போய்வந்த பிறகுதான் அது அச்சேறியது. இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விளங்காத எழுத்தை ஒதுக்கிவிடுவது எவ்வளவு சுலபம்! அந்த மனிதர் உட்கார்ந்து வாசித்தார், எங்கே விளங்கவில்லை என்று சொன்னார், திருத்தி வரும்வரை காத்திருந்தார். இராமானுஜனைக் கொண்டாடும்போது இவரையும் நாம் நினைக்க வேண்டும்.

அதே சஞ்சிகையில் இராமானுஜன் கேள்விகளும் போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவையைக் கொடுத்து, பெறுமானம் என்ன என்று கேட்டார். மாதங்கள் போயின, யாரும் விடை அனுப்பவில்லை. விடையையும் அவரே கொடுத்தார்: 3. அவ்வளவுதான்! கணிதம் படிக்கும் பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்டு அந்தக் கோவையை ஒருதரம் எழுதிப் பாருங்கள்.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். திருகோணமலை மாவட்டத்து மூதூரைச் சேர்ந்த ஒரு தம்பி, கரையோரக் கிணறுகளின் உவர்த்தன்மை பற்றி எழுதிய கட்டுரையோடு என்னிடம் வந்தார். சஞ்சிகை நிராகரித்திருந்தது. "சேர், இனி இதைத் தொடவே மாட்டேன்" என்றார். கட்டுரையைச் சஞ்சிகைக்காக வாசித்துப் பார்த்த மதிப்பீட்டாளரின் குறிப்பை இருவருமாக வாசித்தோம். கடுமையான வார்த்தைகள்தான். ஆனால் நடுவில் ஒரு கேள்வி இருந்தது: மாரிகால அளவீடுகள் எங்கே? தம்பி கோடையில் மட்டுமே தண்ணீர் எடுத்திருந்தார். வடகீழ்ப் பருவமழை பெய்து, மகாவலி கங்கை பெருகிக் கொட்டியாரக் குடாவில் விழும் காலத்தில் அந்தக் கிணறுகள் எப்படி இருக்கும்? அதைப் பார்க்காமல் ஊரின் தண்ணீரைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. மழை தொடங்கியதும் அவர் மறுபடி போத்தல்களோடு போனார். இரண்டாவது சஞ்சிகை ஏற்றுக்கொண்டது.

எல்லா நிராகரிப்பும் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். உயிர்க்கலங்கள் உணவிலிருந்து சக்தி பெறும் வழியான சிட்ரிக் அமில வட்டம் பற்றி உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1937இல் எழுதியதை 'நேச்சர்' சஞ்சிகை போடவில்லை. வேறொரு சஞ்சிகை போட்டது. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சில கட்டுரைகள் மதிப்பீட்டாளரிடமே போகாமல் ஆசிரியரின் மேசையிலிருந்து திரும்பும். பெரும்பாலும் அது சஞ்சிகைக்குப் பொருந்தாத தலைப்பாக இருக்கும். மனம் உடைய வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் எழுத்தை யாரும் வாசிக்காமலே அச்சிடுவார்கள். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு சஞ்சிகைகளுக்கு அனுப்புவதும் கூடாது.

நேரம் முடிகிறது. கட்டுரை திரும்பி வந்திருந்தால், கோபம் ஆறியபின் குறிப்பை மறுபடி வாசியுங்கள், விடுபட்டதைச் சேருங்கள், வேறு சஞ்சிகைக்கு அனுப்புங்கள். நம் குடாவையும் வயலையும் கிணறுகளையும் பற்றி நம் பிள்ளைகள் எழுதும் கட்டுரைகளைச் சஞ்சிகைகளில் நிறையக் காண வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.