அரசி எறும்பைத் தேடி

மழை விட்ட மாலையில் சேவுகம்பட்டித் தெருவிளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். ஈசல் எறும்பு அன்று. சிறகு முளைத்த கறையான். அதற்கு ஒடுங்கிய இடை கிடையாது. நான்கு சிறகுகளும் ஒரே அளவின. அக்கூட்டத்தினிடையே, மெல்லிய இடையும், முழங்கைபோல் மடிந்த உணர்கொம்பும், பின்சிறகினும் நீண்ட முன்சிறகும் உடைய ஒன்று தென்பட்டால், அதுவே எறும்பு.

எறும்பு வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் மண்வெட்டியோடு புற்றைத் தேடிப் புறப்படுகின்றனர். நானும் சிறுவயதில் அப்படித்தான் தோண்டினேன். புற்று அழிந்தது; ஆழத்து அறையில் இருந்த அரசி அகப்படவில்லை. அரசியைத் தேடவேண்டிய இடம் புற்றன்று, மழை நனைத்த வெறுந்தரை. சிறகுடைய ஆணும் பெண்ணும் வானில் பறந்து கூடுகின்றன. ஆண் விரைவில் மடிந்துபோகிறது. பெண்ணோ தரையிறங்கித் தன் சிறகைத் தானே உதிர்த்துவிட்டு, வளை தோண்ட இடம் தேடி அலைகிறது. பருத்த மார்பும் சிறகு உதிர்ந்த தழும்பும் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

கட்டெறும்பின் அரசி கிடைத்தால் தொடக்கத்தில் இரை வைக்க வேண்டியதில்லை. இனிப் பயன்படாத சிறகுத் தசைகள் அதன் உடலுக்குள்ளேயே கரைந்து உணவாகின்றன. முதற் குஞ்சுகளையும் அதனைக் கொண்டே வளர்க்கிறது. கண்ணாடிக் குழாயின் அடியில் நீர் ஊற்றிப் பஞ்சால் அடைத்து, அரசியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடி, இருளில் வையுங்கள். நாள்தோறும் எடுத்துப் பார்க்கலாகாது; கலவரமுற்ற அரசி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். முதல் வேலைக்கார எறும்பு வெளிவர ஒரு திங்களுக்கு மேலும் ஆகலாம்.

நம் மாவட்டத்திலேயே நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவாரத்து ஊர்களில், 2022ஆம் ஆண்டில் மஞ்சள் பைத்தியக்கார எறும்புகள் பெருகிக் கால்நடைகளையும் உழவர்களையும் வருத்தின. அவ்வினத்தில் ஒரே கூட்டில் அரசிகள் பல உண்டு. கூட்டின் ஒரு பகுதியைப் பெயர்த்து வைத்தாலும் புதிய இடத்தில் பெருகிவிடும். ஆதலின் வெளியூர் எறும்பைக் கொண்டுவராதீர்கள். வளர்ப்பதில் சலிப்புத் தோன்றினால், அரசியை எடுத்த இடத்திலேயே விடவேண்டும். எந்தத் தெரு, எந்த விளக்கடி என்பதை முதல் நாளே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.