கல்லீரல் பற்ற முடியாத கொழுப்பு

இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்துவிட்டால் வீட்டில் முதல் விசாரணை சாப்பாட்டைப் பற்றித்தான். நெய்யா, முட்டையா, பஜ்ஜியா என்று கேட்பார்கள். மாதக்கணக்கில் பத்தியம் இருந்தும் அளவு இறங்காதவர் என்ன பதில் சொல்வார்? அவருக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

கொலஸ்ட்ரால் இரத்தத்தில் கரையாது. கொழுப்பும் புரதமும் சேர்ந்த நுண்ணிய துகள்களில் ஏறித்தான் உடலைச் சுற்றும். அவற்றில் ஒன்று எல்.டி.எல். அதன்மேல் அபோ-பி என்ற நீண்ட புரதம் ஒன்று சுற்றியிருக்கும். கல்லீரல் செல்களில் உள்ள ஏற்பிகள் இந்தப் புரதத்தைப் பற்றித்தான் துகளை உள்ளே இழுக்கின்றன. ஏற்பி பழுதானால் எல்.டி.எல் இரத்தத்திலேயே தேங்கிவிடும். இதைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆய்வு செய்தவர்கள் அவர்கள்.

ஏற்பி நன்றாக இருந்து, துகளில் கோளாறு என்றால்? அதே டல்லாஸில் வேகா, கிரண்டி என்ற ஆய்வாளர்கள் 1986இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. கொலஸ்ட்ரால் கூடியவரின் எல்.டி.எல், நலமாக இருப்பவரின் எல்.டி.எல் இரண்டுக்கும் கதிரியக்க அடையாளமிட்டு, நோயாளியின் உடலில் செலுத்தினார்கள். சிலருக்கு, இன்னொருவரிடமிருந்து வந்தது சீக்கிரம் நீங்கியது, சொந்த எல்.டி.எல் தங்கிவிட்டது. கல்லீரல் ஒன்றுதான், ஏற்பிகளும் அவைதாம். அப்படியானால் குறை துகளில்தானே!

காரணம் சில ஆண்டுகளில் தெரிந்தது. அபோ-பியில் 4,536 அமினோ அமிலங்கள். 3,500ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டும். இவர்களுக்கு அங்கே குளூட்டமின். அந்த ஒரு மாற்றத்தால் ஏற்பியின் பிடிக்குத் துகள் சரியாகச் சிக்குவதில்லை. தேங்கிய கொழுப்பு ஆண்டுக்கணக்கில் இதயத் தமனிகளில் படிகிறது. பிறவியிலேயே வந்த மரபணு மாற்றம் இது. நெய்யைக் குறைத்தால் மறைந்துவிடாது.

ஆனால் மருந்துக்குக் கட்டுப்படும். எல்.டி.எல் உருவாவதற்கு முந்தைய துகள்களில் அபோ-இ என்ற வேறொரு புரதமும் இருக்கிறது. ஏற்பிகள் அதைத் தடையின்றிப் பற்றும். ஸ்டாட்டின் மாத்திரை ஏற்பிகளைப் பெருக்குவதால், அந்தத் துகள்கள் முன்கூட்டியே கல்லீரலுக்குள் போய்விடுகின்றன; எல்.டி.எல் உருவாவதே குறைகிறது.

பெற்றோரில் ஒருவருக்கு இது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே ஒருவருக்குத் தெரியவந்ததும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லாரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒல்லியாக இருப்பவரையும் விட்டுவிடாதீர்கள்.