ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

(கந்தர்வக்கோட்டையில் ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணினி ஆசிரியர் இல்லை. கணிதப் பட்டதாரி ஆசிரியர். கல்லூரியிலும் பி.எட். படிப்பிலும் கணினி பற்றி நான் கற்றது மிகவும் கொஞ்சம். என்னைப் பேச அழைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கணினி படித்தவர் வந்து சொன்னால், "அவருக்குத் தெரியும், நமக்கு எங்கே வரும்" என்று நாம் எளிதாகத் தப்பித்துக்கொள்வோம். என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் மூன்று கணினிகள் இருந்தன. இரண்டு ஓடாது. மூன்றுக்கும் பழைய புடவையில் உறை தைத்துப் போட்டிருந்தோம். யார் கேட்டாலும், "சரி செய்ய ஆள் வருவார்" என்போம். ஒன்றரை ஆண்டு ஆள் வரவில்லை. ஒருநாள் உறையை எடுத்துப் பார்த்தால் பெட்டிக்குள் பல்லி முட்டையிட்டிருந்தது. அன்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இதை யாரும் திறந்தே பார்க்க மாட்டீங்களா?" அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

1991ஆம் ஆண்டில் நடந்த மூன்று செய்திகளைச் சொல்கிறேன். அந்த ஆண்டு பிப்ரவரியில் நெதர்லாந்தில் குய்டோ வான் ரோசம் என்பவர் 'பைத்தான்' என்னும் நிரல்மொழியை வெளியிட்டார். ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். அதுதான் பின்னர் 'லினக்ஸ்' ஆனது. அதே காலத்தில் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சைக்கிளின் செயின் கண்ணுக்குத் தெரியும். கழன்றால் யாரும் மாட்டலாம். எங்கள் அம்மா ஓட்டக் கற்ற சில மாதங்களில் செயின் மாட்டவும், காற்றடிக்கவும், பஞ்சர் எங்கே என்று தண்ணீரில் அமுக்கிப் பார்க்கவும் கற்றுக்கொண்டார். ஓட்ட மட்டும் தெரிந்திருந்தால், வழியில் நின்றுபோன ஒவ்வொரு முறையும் யாராவது ஓர் ஆண் வரும்வரை காத்திருந்திருப்பார். திறந்த மூல மென்பொருளும் செயின் தெரியும் சைக்கிள்தான்.

ஒரு மென்பொருளை எழுதியவர் முதலில் எழுதுவது மூலநிரல். பெரும்பாலான வணிக மென்பொருள்களில் அதை நமக்குக் காட்ட மாட்டார்கள். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் குனு திட்டத்தை அறிவித்து, இந்த வழக்கத்தை எதிர்த்தார். மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், அது எப்படி இயங்குகிறது என்று படித்து மாற்றலாம், பிறருக்குப் படி எடுத்துத் தரலாம், மாற்றியதையும் பகிரலாம். இந்த நான்கு உரிமைகளும் உள்ளதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். லினக்ஸ் இந்த வழியில் வளர்ந்தது. உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கரு லினக்ஸ்தான். உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. நம் பிள்ளைகள் நாளை எந்தத் தொழில்நுட்ப வேலைக்குப் போனாலும் இதைச் சந்திப்பார்கள்.

இது நமக்குப் புதியதும் இல்லை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' இயங்குதளத்தை உருவாக்கியது. 2011 முதல் நம் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் அதுவும் இருந்தது. பதினோராம் வகுப்புக் கணினி நூலில் உபுண்டு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் மைஎஸ்கியூஎல்லும் இருக்கின்றன. பக்கத்தில் கேரளத்தில் பல ஆண்டுகளாகப் பள்ளிக் கணினிக் கல்வி முழுவதும் லினக்ஸில் நடக்கிறது. அங்கே ஆசிரியர்களே கற்று, ஆசிரியர்களுக்கே கற்பித்தார்கள்.

இனி அந்த உறை போட்ட கணினிக்கு வருகிறேன். பக்கத்து ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். அதில் லுபுண்டு இருந்தது. பழைய கணினிகளுக்கு ஏற்ற எடை குறைந்த உபுண்டு அது. கணினியில் எதையும் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அணைத்துவிட்டால் கணினி பழையபடியே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. செருகி, இயக்கினோம். ஒன்றரை ஆண்டு கிடந்த பெட்டி பத்து நிமிடத்தில் திரையில் வெளிச்சம் காட்டியது. கணினி கெட்டுப்போகவே இல்லை. பென்டிரைவ் வழியாக வந்த வைரஸால் அதிலிருந்த இயங்குதளம் மட்டும்தான் கெட்டிருந்தது.

அதன்பிறகு கற்கத் தொடங்கினேன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டும் இடத்துக்கு 'டெர்மினல்' என்று பெயர். முதலில் நான்கு கட்டளைகள் போதும். நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க 'பிடபிள்யூடி'. இங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க 'எல்எஸ்'. வேறு அறைக்குப் போக 'சிடி'. படி எடுக்க 'சிபி'. புதிதாக வந்த மாணவருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுவதைப் போலத்தான் இது. சந்தேகம் வந்தால் 'மேன்' என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைச் சேர்த்தால் விளக்கம் முழுவதும் அங்கேயே வரும்.

கணினி நிருவாகம் என்றால் பெரிய அலுவலக வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் நாம் பள்ளியில் செய்யும் வேலைதான். யாருக்கு எந்த அறையின் சாவி என்று முடிவு செய்வது பயனர் அனுமதி. பொருளறையில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது வட்டின் கொள்ளளவு. அன்றாடம் நடந்ததை எழுதிவைப்பது பதிவுக் கோப்பு. முக்கிய ஆவணத்துக்கு இன்னொரு நகல் வைப்பது காப்புப் பிரதி.

இந்தக் கடைசிப் பாடத்தை நான் அடிபட்டுத்தான் கற்றேன். காலாண்டுத் தேர்வு மதிப்பெண் பட்டியல்களை ஒரே கோப்புறையில் வைத்திருந்தேன். 'பழைய' என்று பெயர் தொடங்கும் கோப்புகளை மட்டும் அழிக்க நினைத்தேன். 'ஆர்எம்' என்னும் அழிக்கும் கட்டளையைத் தட்டி, 'பழைய' என்பதை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். நான் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். நட்சத்திரக் குறி தனியாக நின்றால் 'எல்லாம்' என்று பொருள். கணினி சொன்னபடி செய்தது. எல்லாக் கோப்புகளும் போயின. டெர்மினலில் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகாது, திரும்பியும் வராது. ஐந்து வகுப்புகளின் மதிப்பெண்களை விடைத்தாள்களைப் பார்த்து மீண்டும் ஏற்றினேன். கணித ஆசிரியருக்கு ஓர் இடைவெளியின் மதிப்பு என்ன என்று அன்று தெரிந்தது.

அன்று முதல் இரண்டு பழக்கங்கள் வந்தன. அழிப்பதற்கு முன், அதே பெயரை 'எல்எஸ்' கட்டளையில் கொடுத்து, எவையெல்லாம் வருகின்றன என்று பார்ப்பேன். எந்தக் கோப்புக்கும் இரண்டு நகல் வைப்பேன், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பகுதியில் எத்தனை ஆவணங்கள் நனைந்தன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மொழி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. இது உங்கள் பாடம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வகுப்பில் பைத்தானிடம், "தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து?" என்று கேட்டுக் காட்டினேன். 5 என்று விடை வந்தது. வகுப்பே சிரித்தது. மூன்று என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் 5 என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். யுனிகோடு முறையில் 'த' ஒன்று, 'ம' ஒன்று, இகரக் குறி தனியாக ஒன்று, 'ழ' ஒன்று, புள்ளி தனியாக ஒன்று. கணினி எண்ணியது இந்தக் குறியீடுகளை. நாம் எண்ணுவது எழுத்துகளை. உயிர்மெய் என்றால் என்ன, மெய்யின் மேல் புள்ளி ஏன் என்று அன்று பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இலக்கண வகுப்பில்கூட வராதவை.

இந்தப் பிழையை யார் திருத்துவது? அயல்நாட்டு நிறுவனத்துக்கு மனு எழுதிக் காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பைத்தான் திறந்த மூல மொழி என்பதால் தமிழர்கள் சிலர் சேர்ந்து 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல் தொகுப்பை எழுதினார்கள். அதனிடம் கேட்டால் 3 என்று சரியாகச் சொல்கிறது. முத்து அண்ணாமலை என்பவர் ஒருபடி மேலே போய், 'எழில்' என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழியை பைத்தானின் மேல் கட்டினார். அதில் 'பதிப்பி' என்று எழுதி, மேற்கோள் குறிக்குள் 'வணக்கம்' என்று கொடுத்தால், திரையில் வணக்கம் வரும். ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வரிசையில் உட்காரும் பிள்ளைக்கு நிரல் என்றால் என்ன என்று காட்ட அந்த ஒரு வரி போதும். பிறகு அவன் பைத்தானுக்குப் போகட்டும்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் நிறைய இருக்கிறது. படம் வரைய 'டக்ஸ் பெயின்ட்', விளையாட்டாக எண்ணும் எழுத்தும் பழக 'ஜிகாம்ப்ரீ'. பிரெஞ்சு மொழியில் இப்பெயரின் ஒலி 'எனக்குப் புரிந்தது' என்னும் பொருள் தரும். அறிவியல் ஆசிரியர்கள் பகலிலேயே இரவு வானத்தைக் காட்ட 'ஸ்டெல்லேரியம்' இருக்கிறது. கடிதம், கணக்கு, படக்காட்சி ஆகியவற்றுக்கு 'லிப்ரெஆபீஸ்' தமிழ் முகப்போடு கிடைக்கிறது. எல்லாம் இலவசம். படி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் சட்டப்படி குற்றமில்லை. திருட்டுப் படியை நிறுவிவிட்டு நேர்மை பற்றிப் பாடம் நடத்தும் சங்கடமும் நமக்கு இல்லை.

எங்கே கற்பது? பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் லினக்ஸ், பைத்தான், லிப்ரெஆபீஸ் பற்றிய சிறு காணொலிகள் தமிழ்க் குரலில் உள்ளன. 2012இல் தொடங்கிய 'கணியம்' இதழில் தமிழ்க் கட்டுரைகள் ஏராளம். து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' நூல்கள் மின்னூல்களாக இலவசமாகக் கிடைக்கின்றன. நானும் அவற்றிலிருந்துதான் தொடங்கினேன்.

மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள். அவற்றுக்குத் துறையின் அமைப்பு முறை இருக்கிறது. ஒதுக்கிப் போட்ட பழைய கணினியையோ உங்கள் சொந்த மடிக்கணினியையோ எடுங்கள், அதுவும் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு. இரண்டாவது, நிறுவுவதற்கு முன் பழைய கோப்புகளுக்கு நகல் எடுத்துவிடுங்கள். மூன்றாவது, மிகப் பழைய 32 பிட் கணினி என்றால் இப்போதைய உபுண்டு அதில் ஏறாது. முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகக் கற்காதீர்கள். குறுவள மையக் கூட்டம் முடிந்ததும் அரைமணி நேரம் நான்கு பேர் சேர்ந்து உட்காருங்கள். ஒருவருக்கு வந்த பிழைச் செய்தியை மற்றவர்கள் படியுங்கள். பிழைச் செய்தி வந்தால் நாம் உடனே திரையை மூடிவிடுகிறோம். அதை முழுவதும் படியுங்கள். பல நேரங்களில் எந்த வரியில் தவறு என்று அதிலேயே இருக்கும். பிள்ளைகளிடம் "விடை தவறினால் பரவாயில்லை, எங்கே தவறியது என்று பார்" என்கிறோமே, அதை நமக்கும் சொல்லிக்கொள்வோம்.

என் அம்மா சைக்கிள் பழகிய முதல் வாரம் இரண்டு முறை விழுந்தார். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்டால், "விழாம யாரு ஓட்டுனா?" என்பார்.

அந்தப் பள்ளியில் நான் இருந்தவரை கணினிகளுக்கு மீண்டும் உறை போடவில்லை. "திறந்தே பார்க்க மாட்டீங்களா" என்று கேட்ட மாணவி எட்டாம் வகுப்பில் இன்னொரு கணினிக்குத் தானே லுபுண்டு நிறுவினாள். நான் பின்னால் கைகட்டி நின்றேன். நடுவில் ஒரு பிழைச் செய்தி வந்தது. என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் திரும்பவில்லை. குனிந்து அதைப் படிக்கத் தொடங்கினாள்.

உங்கள் பள்ளிக்குப் போனதும் அந்த உறையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.