கோட்டையைப் பார்த்து வாருங்கள்!

(திருவண்ணாமலையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சென்னைக்குப் போகிற நம் ஜனங்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? கடற்கரை, சமாதிகள், செத்த காலேஜ். கோட்டை வந்தால் மட்டும் பஸ்ஸில் இருந்தபடியே கையைக் காட்டுகிறோம். "அது அதிகாரிகள் இருக்கிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை?" என்கிறோம். நமக்குத்தான் அங்கே வேலை இருக்கிறது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

அந்தக் கோட்டை எதற்காக எழுந்தது? 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே அந்த மணல் திட்டைக் கேட்டு வாங்கினான். கப்பல் ஒதுங்க வசதியில்லாத கரை அது. ஆனால் அந்த வட்டாரத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. நம் நெசவாளி நெய்த துணியை வாங்கிக் கப்பலேற்றவும், சரக்கைக் காக்கவும் 1640-ல் செயிண்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்தது. தறிக்காரன் உழைப்புத்தான் அதன் அஸ்திவாரம்.

நம் ஊருக்கும் அந்தக் கோட்டைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் முதலில் செங்கத்திலும், பிறகு இதே திருவண்ணாமலையிலும் மோதின. இங்கே ஹைதர் பின்வாங்க நேர்ந்தது. ஆனால் 1769-ல் அவர் குதிரைப் படையோடு சென்னை வாசலுக்கே போய் நின்றார். கோட்டைக்குள் இருந்த துரைமார்கள் சமாதானம் பேசிக் கையெழுத்துப் போட்டார்கள்.

வியாபாரி ஆட்சியாளனான பிறகு, துணியோடு நிலவரியும் சேர்ந்தது. வரி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெருக்கினார்கள். குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள். இது மேடைக்காகச் சொல்கிற பேச்சல்ல. சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க வெள்ளை சர்க்காரே போட்ட கமிஷன் 1855-ல் கொடுத்த அறிக்கையில் உள்ளது.

ஆகவே, தோழர்களே, அங்கே 1680-ல் கட்டி முடித்த மாதா கோயிலைப் பாருங்கள். ராபர்ட் கிளைவுக்கு 1753-ல் கல்யாணம் நடந்த இடம் அது. மியூசியத்தைப் பாருங்கள், வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். பார்க்கும்போது, இந்தச் செல்வமெல்லாம் யார் கொடுத்த வரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அதோடு திரும்பிவிடக்கூடாது. இன்றைக்கும் தலைமைச் செயலகம் அங்கேதான். சட்டசபை 2010-ல் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்குப் போனது. 2011-ல் கோட்டைக்கே திரும்பியது. புதுக் கட்டடம் ஆஸ்பத்திரி ஆயிற்று. நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று 1961-ல் சட்டமானது; 1970-ல் 15 ஆகக் குறைந்தது. தானாக வந்ததா? 1968-ல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்து சாம்பலான பிறகுதான் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வயலில் எழுந்த குரல் கேட்ட பிறகே கோட்டையில் பேனா அசைந்தது.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு விளைநிலத்தை எடுக்கக்கூடாது என்று உழவர்கள் போராடினார்கள். 2023 நவம்பரில் ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. நிலத்தைக் கேட்டவன் குண்டனா என்று நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. அந்த மாதமே ஆறு பேர் மேலிருந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. போட்ட உத்தரவைத் திரும்ப வாங்க வைக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து உள்ளவனுக்கும் வரி கட்டுகிறவனுக்கும்தான் ஓட்டு. 1952-ல் கூலிக்காரனும் ஓட்டுப் போட்டான். அன்றிலிருந்து கோட்டைக்குள் உட்காருகிறவர் எவரானாலும் நாம் அனுப்பியவர்.

அதனால் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, நாலு பேராகச் சேர்ந்து போங்கள். வாசலில் சோதனை செய்வார்கள், செய்யட்டும். "எதற்கு வந்தாய்?" என்று கேட்டால், துண்டை இடுப்பில் கட்டாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். கூலி பாக்கியானாலும், பட்டா பிரச்னையானாலும், கையில் மனு இருக்கட்டும். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்!