திருமறையும் பகுத்தறிவும்



குறிகட்டுவான் துறையிலே நயினாதீவுக்குப் படகேறுவோரைப் பார்த்திருப்பீர்கள். நாகபூசணி அம்மனை நாடிச் செல்வோரும் நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் ஒரே படகில் நெருங்கி அமர்வர். அத்தீவிலே பள்ளிவாசலும் உண்டு. எவர் ஏறினும், படகோட்டி காற்றைப் பார்த்தே கட்டவிழ்ப்பார். அது இறைநம்பிக்கைக் குறைவென்று எவரும் சொல்வதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்மேற் பாரத்தைப் போடும்படி நபிகள் நாயகம் கூறியதாக வரும் செய்தியும் இதுவே.

மறைநூலைப் பயில்வதிலும் அறிவுக்கு இவ்விடம் உண்டா? இது பழைய வினா. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தத்துவவாதிகளைக் கண்டித்து நூல் செய்தவர். ஆகவே அறிவின் பகைவர் எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கணித நூலார் ஐயமற நிறுவிய கிரகணக் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என்று அந்நூலின் முன்னுரையிலேயே எழுதியவர் அவர். அவருக்கு மறுப்பெழுதிய குர்துபா நீதிபதி இப்னு ருஷ்து (1126–1198), நிறுவப்பட்ட உண்மையோடு வசனத்தின் வெளிப்பொருள் முரணினால், அரபு மொழி மரபின்படி உட்பொருள் காணவேண்டும் என்றார். அப்பணியையோ கற்றுத் தேர்ந்தோரிடமே விட்டார். பலவற்றில் மாறுபட்ட இவ்விருவரும், கல்லாதவன் தீர்ப்புக் கூறலாகாது என்பதில் ஒன்றுபட்டனர்.

அரைகுறையாகக் கற்றோர் அத்தீர்ப்பைத் தம் கையில் எடுத்ததன் விளைவை 2019 ஏப்ரல் 21ஆம் நாள் கண்டோம். தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கூட்டத்தின் தலைவன் போதித்ததும் நம் தமிழிலேதான். அவனைப்பற்றி முன்னரே முறையிட்டோர் முஸ்லிம்களே என்பதையும் மறத்தலாகாது.

யாழ்ப்பாணம் வேறொரு வழியையும் அறியும். 1911இல் வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையில் முதல் முஸ்லிமாகச் சேர்ந்தார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்து, மார்க்கக் கல்வியும் நவீன கல்வியும் ஒருங்கே வேண்டுமென்று வற்புறுத்தினார். அவர் பிறந்த மண்ணின் முஸ்லிம்களை 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் சில மணி நேரத்துள் வெளியேற்றினர். அச்செயலுக்கு எந்த மறைநூலும் வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்கப்படாத ஆணை ஒன்றே போதுமாயிருந்தது.

தீவகத்துப் பிள்ளையொன்று, கடல் ஏன் பெருகி வற்றுகிறது என்று ஓதிக்கொடுக்கும் ஆலிமைக் கேட்கலாம். இறைவனின் ஏற்பாடு என்பதோடு சந்திரனின் ஈர்ப்பையும் அவர் சொல்லட்டும். தெரியாவிடில், பள்ளிக்கூட ஆசிரியரிடம் அனுப்பட்டும். பிள்ளை மறுநாளும் கேள்வியோடு வரும்.